ஓனர் காலி பண்ணச் சொன்னால் உடனே கிளம்ப வேண்டுமா?

கேள்வி | 4 அக்டோபர் 2025

தாம்பரம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். 11 மாத அக்ரிமென்ட். அது முடிந்து நாலு மாதம் ஆகிறது, புதுப்பிக்கவில்லை. கணவருக்கு வேலை போனதில் இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்துவிட்டது. நேற்று ஓனர் வாட்ஸாப்பில் "பத்து நாள்ல காலி பண்ணுங்க, இல்லேன்னா பூட்டு போட்டுடுவேன்" என்று அனுப்பியிருக்கிறார். அக்ரிமென்ட் முடிந்துவிட்டதால் எங்களுக்கு ஒரு உரிமையும் கிடையாது என்கிறார் வீடு பிடித்துக் கொடுத்த தரகர். உண்மையா? பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்துப் பள்ளியில் படிக்கிறார்கள்.

4 அக்டோபர், இரவு

தரகர் சொல்வது தவறு. கிளம்பாதீர்கள்.

நான் வக்கீல் இல்லை. இத்தனை வருடமும் வாடகை வீட்டிலேயே குடித்தனம் நடத்தியவன். வாடகை நீதிமன்றம் வரை ஒரு வழக்கில் நின்றிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது வாடகைதாரர், உரிமையாளர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம். 22 பிப்ரவரி 2019 முதல் அமலில் இருக்கிறது. அக்ரிமென்ட் காலம் முடிந்தும் புதுப்பிக்காமல், காலியும் செய்யாமல் இருந்தால், அதே வாடகை, அதே நிபந்தனையோடு மாதாமாதம் நீடிப்பதாக அந்தச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இப்படி அதிகபட்சம் ஆறு மாதம். நீங்கள் நாலாவது மாதத்தில் இருக்கிறீர்கள். அந்த ஆறு மாதம் தாண்டினாலும்கூட, ஓனர் தானாக வந்து பூட்டுப் போட முடியாது. வெளியேற்றுவதற்கு வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும்.

இன்றிரவே செய்ய வேண்டியது: அந்த வாட்ஸாப் செய்தியை அழிக்காதீர்கள், தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொருவருக்கும் அனுப்பி வையுங்கள். "சரி, காலி பண்ணுகிறோம்" என்று போனிலோ செய்தியிலோ சொல்லிவிடாதீர்கள். திட்டியும் பதில் போடாதீர்கள். எங்கேயாவது புரட்ட முடிந்தால் ஒரு மாத வாடகையையாவது நாளைக்கே வங்கிக் கணக்கு வழியாக அனுப்புங்கள். குறிப்புப் பகுதியில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம்.

5 அக்டோபர்

காலையில் இன்னும் சிலர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அதனால் முழு நடைமுறையையும் எழுதிவிடுகிறேன்.

அக்ரிமென்ட் நடப்பில் இருக்கும்போது, சட்டத்தின் 21-ஆம் பிரிவில் சொல்லியிருக்கும் காரணங்களுக்காக மட்டும்தான் உங்களை வெளியேற்ற முடியும். எழுத்து மூலமான ஒப்பந்தம் போடத் தவறியது, இரண்டு மாத வாடகை பாக்கி, ஓனரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வீட்டை இன்னொருவரிடம் விட்டுவிட்டது, நோட்டீஸ் கொடுத்த பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, ஆள் காலி செய்தால்தான் முடியும் என்கிற அளவுக்குப் பழுதுபார்ப்பு அல்லது இடித்துக் கட்டும் வேலை, ஓனருக்கே சொந்த உபயோகத்துக்கு வேண்டியிருப்பது. பெரும்பாலான வழக்குகள் வாடகை பாக்கி, சொந்த உபயோகம், ஒப்பந்தம் இல்லாமை இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

"எனக்குப் பிடிக்கவில்லை", "வேறு ஆள் ஐயாயிரம் கூடத் தருகிறார்", "உங்கள் வீட்டுக்கு விருந்தாளி நிறைய வருகிறார்கள்" எல்லாம் இந்தப் பட்டியலில் கிடையாது.

பாக்கி என்றால் வரிசை இப்படிப் போகும். முதலில் ஓனர் பாக்கியைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 106-ஆம் பிரிவில் சொல்கிற முறை அது: கையெழுத்துப் போட்ட எழுத்து, தபாலில் வர வேண்டும் அல்லது உங்களிடமோ வீட்டில் இருப்பவரிடமோ நேரில் தர வேண்டும், அதுவும் முடியாவிட்டால் வீட்டில் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும். அது கையில் கிடைத்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் பாக்கி முழுவதையும் வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற உத்தரவு போட முடியாது. கட்டாவிட்டால்தான் ஓனர் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடுவார். சம்மன் வரும். நீங்கள் ஆஜராகி பதில் மனுப் போட வேண்டும். விசாரணை, உத்தரவு, வேண்டுமானால் வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு, அதற்கெல்லாம் பிறகுதான் அமீனா, அதாவது கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வருகிற ஊழியர்.

வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றைக்கே சாமான் கட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாசலில் தபால்காரர் கையெழுத்து வாங்கிய அந்தக் காகிதம் கோர்ட் உத்தரவு என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஓனரின் வக்கீல் எழுதிய கடிதம், அவ்வளவுதான். ஆனால் அதைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டு வைப்பது அதைவிட மோசம். அந்த ஒரு மாதம் ஓட ஆரம்பித்துவிடும்.

5 அக்டோபர், மாலை

மேலே சொன்ன ஒரு மாத சலுகைக்கு ஒரு வரம்பு உண்டு. ஒருமுறை இப்படிக் கட்டித் தப்பித்த பிறகு, அடுத்த ஒரு வருடத்தில் தொடர்ந்து இரண்டு மாதம் மறுபடி பாக்கி வைத்தால் அந்தச் சலுகை இரண்டாவது தடவை கிடைக்காது. ஆகவே கடன் வாங்கியாவது கட்டி மீண்டவர்கள் அடுத்த 12 மாதம் வாடகையை முதல் செலவாக வையுங்கள்.

7 அக்டோபர்

"நான் வாடகை கொடுக்கத் தயாராக இருக்கிறேன், ஓனர்தான் வாங்க மாட்டேன் என்கிறார், இது நல்லதுதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நல்லதே இல்லை. எனக்கு நடந்தது இதுதான். பழைய ஓனர் தங்கமானவர். அவர் போன பிறகு வீடு மகன் கைக்கு வந்தது. அந்த மாதம் வாடகையை எடுத்துக்கொண்டு போனால், "அப்புறம் வாங்கிக்கிறேன் சார்" என்றார். அடுத்த மாதமும் அதே பதில். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை, காபி கூடக் கொடுத்தார். மூன்றாவது மாதம் வக்கீல் நோட்டீஸ் வருகிறது: வாடகைதாரர் வாடகையே தரவில்லை என்று! ஏற்கெனவே ஒரு நண்பர் எச்சரித்திருந்ததால் இரண்டு மாதமும் மணியார்டர் அனுப்பி, அது "வாங்க மறுத்தார்" என்ற குறிப்போடு திரும்பி வந்த தாளை வைத்திருந்தேன். ஓரம் கிழிந்த அந்தத் தாள்தான் என்னைக் காப்பாற்றியது. விசாரணையின்போது நீதிபதி கையில் வாங்கி, முத்திரையில் இருந்த தேதியைப் படித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு பாக்கி என்ற பேச்சு அந்த வழக்கில் நிற்கவில்லை.

சட்டத்தில் இதற்கு வழியே இருக்கிறது. ஓனர் வாடகையை வாங்க மறுத்தாலோ ரசீது தர மறுத்தாலோ, மணியார்டராகவோ வேறு வழியிலோ தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்ப வேண்டும். அப்படியும் வாங்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம். வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. பெரும்பாலும் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸில்தான் விசாரிக்க வேண்டியிருக்கும். இவருக்கும் வாடகை நீதிமன்றத்துக்கும் வித்தியாசம் உண்டு. ஒப்பந்தப் பதிவு, வாடகை கட்டுவது, தண்ணீர் கரண்ட் நிறுத்தம் இவை அதிகாரியிடம். வெளியேற்றுவது நீதிமன்றத்திடம். "ஆர்.டி.ஓ.கிட்ட சொல்லி உன்னைத் தூக்குறேன்" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம்.

வங்கிக் கணக்கு எண் தெரிந்தால் அதில் போட்டுக்கொண்டே இருங்கள். கணக்கை மாற்றிவிட்டார் என்றால் "புதுக் கணக்கு எண் தாருங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள்.

8 அக்டோபர்

தண்ணீர், கரண்ட்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்கள் போர்ஷனுக்கு மட்டும் கரண்ட் போனது. கீழே இறங்கிப் பார்த்தால் மீட்டர் பெட்டியில் எங்கள் ஃப்யூஸ் கேரியர் மட்டும் இல்லை. பெட்டிக்குப் புதுப் பூட்டு. கம்பி வலைக்குள்ளே எங்கள் மீட்டருக்கு நேரே இரண்டு வெற்று ஓட்டை தெரிகிறது. அம்மாவுக்கு நெபுலைசர் வைக்க வேண்டிய நேரம். பக்கத்து வீட்டு அக்கா ஒயர் இழுத்துக் கொடுத்தார், அந்த ராத்திரி ஓடியது.

ஓனரோ அவருடைய மேனேஜரோ அத்தியாவசிய சேவையை நிறுத்தக் கூடாது என்று 20-ஆம் பிரிவு நேரடியாகச் சொல்கிறது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிஃப்ட், கழிவுநீர் எல்லாம் இதில் சேரும். வாடகை பாக்கி இருந்தாலும் நிறுத்தக் கூடாது. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால் விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம். மனுவோடு பூட்டிய பெட்டியின் போட்டோ, பக்கத்து வீட்டில் விளக்கு எரிய உங்கள் வீடு மட்டும் இருட்டாக இருக்கிற போட்டோ, கடைசியாகக் கரண்ட் பில் கட்டிய ரசீது வையுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, இணைப்பு கேட்கும் உரிமையை "உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்" என்று இரண்டு பேருக்கும் சேர்த்தே கொடுக்கிறது.

8 அக்டோபர், பின்னிரவு

போலீஸைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். எப்போது போவது?

வீட்டைக் காலி பண்ண வைப்பது போலீஸ் வேலை இல்லை, அது சிவில் விஷயம். ஓனர் புகார் கொடுத்தார் என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் மரியாதையாகப் போங்கள், அக்ரிமென்ட் நகலைக் காட்டுங்கள். "இத்தனாம் தேதி காலி செய்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள். ஸ்டேஷனில் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் பிறகு அழுவதைக் கேட்டிருக்கிறேன். "வக்கீலைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்ற ஒரே வாக்கியம் போதும்.

பூட்டுப் போட்டுவிட்டாலோ, சாமானைத் தூக்கி வெளியே போட்டாலோ, ஆள் வைத்து மிரட்டினாலோ கதை வேறு. அப்போது நீங்கள்தான் போலீஸுக்குப் போக வேண்டும். உங்களை உள்ளே போகவிடாமல் தடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 126-ஆம் பிரிவில் வருகிற சட்டவிரோதத் தடுப்பு. உடனே 100-ஐ அழையுங்கள். எழுத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். அந்த ரசீது இல்லாமல் ஸ்டேஷன் படி இறங்காதீர்கள்.

அதையும் மீறி வெளியே தள்ளப்பட்டுவிட்டால், 1963-ஆம் ஆண்டின் குறித்த வகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தில் 6-ஆம் பிரிவு இருக்கிறது. சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு சுவாதீனத்தைத் திரும்பக் கேட்கலாம். வீடு யாருடையது என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. தங்கியிருக்க உரிமை இல்லாதவராகவே இருந்தாலும், நிலையாகக் குடியிருக்கிறவரைச் சட்ட வழியில் அல்லாமல் உரிமையாளர்கூட வெளியேற்றக் கூடாது என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

11 அக்டோபர்

ஒரு ஓனர் வந்து கோபமாக எழுதியிருக்கிறார். "எல்லாரும் வாடகைதாரருக்கே பேசுங்கள். வாடகையும் தராமல் வீட்டையும் விடாமல் உட்கார்ந்திருக்கிறவனை நாங்கள் என்ன செய்வது?"

அவர் கேள்வி நியாயமானது. எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். மாடி போர்ஷன் வாடகைதான் அவருக்குச் சோறு, மாத்திரை எல்லாம். அங்கே குடியிருந்தவர் சம்பளக்காரர், பைக் மாற்றினார், வாடகை மட்டும் தரவில்லை. அந்த மாதிரி ஆளுக்காக இந்த இழையில் ஒரு வரியும் எழுத மாட்டேன்.

ஓனருக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வாடகைதாரர் வேண்டுமென்றே பாக்கி வைத்தார் என்று காட்ட வேண்டும். அதில் வழக்கு தலைமுறை கடந்தும் ஓடும். இப்போது அந்தச் சட்டம் இல்லை. இரண்டு மாத பாக்கி, நோட்டீஸ், ஒரு மாத அவகாசம், அப்புறம் மனு. குத்தகை முடிக்கப்பட்ட பிறகும் நகராதவரிடம் முதல் இரண்டு மாதத்துக்கு இரட்டை வாடகையும் அதற்குப் பிறகு நாலு மடங்கும் இழப்பீடாகக் கேட்கலாம். இதை வாடகைதாரர்களும் மனதில் வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் "கேஸ் போட்டா இருபது வருஷம் இழுக்கலாம்" என்று சொல்வது பழைய சட்டத்தில் பழகிய பேச்சு. அதை நம்பி உட்கார்ந்தால் கடைசியில் அட்வான்ஸும் போய், மேலே கடனும் நிற்கும்.

அந்தப் பாட்டி பூட்டு போடவில்லை. நோட்டீஸ் அனுப்பி, மனுப் போட்டு, உத்தரவு வாங்கித்தான் வீட்டை மீட்டார். வயதானவருக்கே அது முடிந்தது என்றால், குறுக்கு வழிக்கு யாருக்கும் காரணம் இல்லை.

12 அக்டோபர்

சொந்த உபயோகம் பற்றிச் சுருக்கமாக. ஓனருக்கு உண்மையிலேயே வீடு வேண்டுமென்றால் சண்டை போட்டுப் பலன் குறைவு. அவகாசம் கேளுங்கள், பிள்ளைகளின் முழுப்பரீட்சை முடியும் வரை என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அதே வாரம் வீட்டு விளம்பரத் தளத்தில் கூடுதல் வாடகைக்கு அதே வீடு வந்திருந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பதில் மனுவில் அது பேசும்.

15 அக்டோபர்

ஒத்திக்கு, அதாவது மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வீடு எடுத்தவர்கள் கவனியுங்கள். இதைப் பற்றி எனக்கு மிகுந்த கவலை உண்டு. மாத வாடகை வீட்டில் ஏமாந்தால் அட்வான்ஸ் போகும், ஒத்தியில் ஏமாந்தால் வாழ்நாள் சேமிப்பு போகும்.

நடப்பது இதுதான். ஓனர் வீட்டை வங்கியில் அடமானம் வைத்திருக்கிறார். தவணை கட்டவில்லை. அந்தச் சமயத்தில் உங்களிடம் எட்டு, பத்து லட்சம் வாங்கிக்கொண்டு ஒத்திக்கு விடுகிறார். ஒருநாள் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தில் வங்கி வீட்டைக் கைப்பற்றலாம், 14-ஆம் பிரிவில் தலைமைப் பெருநகர நீதித்துறை நடுவர் அல்லது மாவட்ட நடுவரான ஆட்சியர் உதவியோடு சுவாதீனம் எடுக்கலாம். நான் மேலே எழுதிய நோட்டீஸ், வாடகை நீதிமன்றம், அமீனா வரிசை அங்கே வராது. நேராக வங்கி அதிகாரியும் போலீஸும் வந்து நிற்பார்கள். ஓனர் போன் எடுக்க மாட்டார்.

2016-இல் அந்தச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, குடியிருப்பவரும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் தன் குத்தகை உரிமையைச் சொல்லி மனுப் போடலாம். காலக்கெடு 45 நாள். ஆனால் அடமானம் வைத்ததற்குப் பிறகு, பதிவும் செய்யாமல், இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிய ஒத்தி அங்கே நிற்பது கடினம்.

ஆகவே பணம் கைமாறும் முன்னால் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை இலவசமாகவே பார்க்கலாம். சர்வே எண், பத்திர எண் ஓனரிடம் கேட்டு வாங்குங்கள். வங்கிக்குப் பத்திரம் ஒப்படைத்த ஆவணம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். பத்திர எண் தர மறுக்கிற ஓனரிடம் ஒத்திக்கே போகாதீர்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களும் இன்று ராத்திரி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

18 அக்டோபர்

அட்வான்ஸ் பேச்சு வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. சென்னையில் பத்து மாதம் வாங்குகிற பழக்கம் இன்னும் போகவில்லை, பேசிக் குறைக்கலாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும்.

"கடைசி இரண்டு மாதம் வாடகை கட்டாமல் அட்வான்ஸில் கழித்துக்கொள்வேன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எழுத்தில் ஓனர் சம்மதம் இருந்தால் செய்யுங்கள். இல்லாமல் செய்தால் அது இரண்டு மாத பாக்கியாகிவிடும், அதுவே வெளியேற்றக் காரணம். ஓனர் அட்வான்ஸைத் தர மாட்டார் என்ற பயத்தில் எல்லோரும் செய்வதுதான் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வரி வாட்ஸாப் சம்மதமாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

26 அக்டோபர்

தீபாவளிக்கு முன்பே எழுதியிருக்க வேண்டியவர் இன்றுதான் எழுதியிருக்கிறார், தாம்பரம் சகோதரி. ஓனர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். பாக்கி 30 நாளில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு என்று. நகை அடகு வைத்துப் பணம் திரட்டிவிட்டார்கள். பதில் எப்படி எழுதுவது என்று கேட்கிறார்.

கட்டுங்கள், முழுசாகக் கட்டுங்கள். முதலில் கேட்டபோது ஒரு மாதமாவது அனுப்புங்கள் என்று சொன்னேன். நோட்டீஸ் வந்த பிறகு பாதி கட்டினால் பாதுகாப்பு இல்லை, வட்டி உட்பட முழுத் தொகையும் அந்த ஒரு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பிறகு பதில் கடிதம். அலங்காரம் எதுவும் வேண்டாம்:

"தங்கள் கட்சிக்காரர் சார்பில் அனுப்பிய இன்ன தேதியிட்ட நோட்டீஸ் இன்ன தேதி கிடைத்தது. ஆகஸ்ட், செப்டம்பர் மாத வாடகையும் அதற்கான வட்டியும் சேர்த்து இன்ன தொகை, இன்ன தேதி, அவருடைய வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. பரிவர்த்தனை எண் இது. அக்டோபர் மாத வாடகையும் செலுத்தப்பட்டது. ஆகவே பாக்கி ஏதும் இல்லை. 3-10-2025 அன்று வீட்டைப் பூட்டுவதாகத் தங்கள் கட்சிக்காரர் அனுப்பிய செய்தி என்னிடம் உள்ளது. ஒப்பந்தத்தை எழுத்து மூலம் புதுப்பிக்க நான் தயாராக இருக்கிறேன்."

கீழே கையெழுத்து, தேதி. வக்கீலுக்கு ஒன்று, ஓனருக்கு ஒன்று. முன்பு பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பச் சொல்வோம். 2025 செப்டம்பர் 1 முதல் அந்தச் சேவை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, ஆகவே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தையும் கேட்டு வாங்குங்கள். தபால் ரசீதைக் கடித நகலோடு பின் அடித்து வையுங்கள். வெயிலில் வைத்தால் அந்த எழுத்து மறைந்துவிடும், ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

கடைசி வரியில் ஒப்பந்தம் புதுப்பிக்கத் தயார் என்று எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாததே ஒரு வெளியேற்றக் காரணமாக வரலாம் என்று மேலே எழுதினேன். தவறு உங்கள் பக்கம் இல்லை என்று காட்ட இந்த வரி உதவும்.

2 நவம்பர்

ஒப்பந்தப் பதிவு பற்றிக் குழப்பம் நிறைய இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் ஆபீஸில் பதிய வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் எல்லோரும் 11 மாதம் எழுதுகிறார்கள். ஆனால் 2017 சட்டம் கேட்கிற பதிவு வேறு. 11 மாதம் என்றாலும், ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கென்று அரசு இணையதளம் இருக்கிறது. கையெழுத்தானதிலிருந்து 90 நாள். ஓனரும் செய்யலாம், வாடகைதாரரும் செய்யலாம். நோட்டரி முத்திரை இதற்கு ஈடாகாது. பதியாத ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் சாட்சியமாகக் காட்டப் போகும்போதுதான் சிக்கல் தெரியும்.

ஓனர் இழுத்தடித்தால் நீங்களே பதியுங்கள். "வரி கட்டணும்னு பயப்படுறார்" என்கிறார்கள். அது அவர் கவலை, உங்கள் கூரை உங்கள் கவலை.

3 நவம்பர்

இந்தச் சட்டம் எல்லா வீட்டுக்கும் இல்லை. அரசுக்குச் சொந்தமான வீடு, கம்பெனி தன் ஊழியருக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ், கோயில், வக்ஃபு சொத்துகள் இதற்கு வெளியே. கோயில் மனையில் இருப்பவர்களுக்கு 1959-ஆம் ஆண்டின் அறநிலையத்துறைச் சட்டப்படி 78-ஆம் பிரிவில் நோட்டீஸ் வரும், அதற்கு இணை ஆணையரிடம் பதில் சொல்ல வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

9 நவம்பர்

அமீனா வந்துவிட்டால் என்ன செய்வது என்று நேற்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோர்ட் சம்மனுக்குப் போகவே இல்லையாம், ஒருதலைப்பட்சமாக உத்தரவு ஆகிவிட்டது.

அமீனாவைத் தடுக்காதீர்கள், கைகலப்பு வேண்டவே வேண்டாம். அவர் கையில் இருக்கும் வாரண்டை வாங்கிப் படியுங்கள், வழக்கு எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், போட்டோ எடுங்கள். அதே நாளில் நீதிமன்றத்துக்குப் போய், ஒருதலைப்பட்ச உத்தரவை ரத்து செய்யவும் நிறுத்தி வைக்கவும் மனுப் போட வேண்டும். சம்மன் உங்கள் கைக்கு வரவில்லை என்றால் அதைக் காரணமாகச் சொல்லுங்கள், சம்மன் வந்தும் நீங்கள் ஆஜராகவில்லை என்றால் உண்மையைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். பாக்கிப் பணத்தில் ஒரு பகுதியாவது கையில் எடுத்துக்கொண்டு போனால் நீதிமன்றம் காது கொடுக்கும்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று யாரும் வீட்டோடு உட்கார வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 எண்ணுக்குப் போன் பண்ணலாம், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் ஆணைக்குழு ஆபீஸுக்கு நேரில் போகலாம். வீட்டில் அக்ரிமென்ட் பெண் பெயரில் இருந்தால் அவரே விண்ணப்பிக்கட்டும்.

போகும்போது அக்ரிமென்ட், வங்கிக் கணக்குப் பதிவு, நோட்டீஸ், உறை, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ். நோட்டீஸ் வந்த உறையைத் தூக்கி எறியாதீர்கள், அதன் மேலிருக்கும் தபால் முத்திரைத் தேதியைத்தான் முதலில் கேட்பார்கள்.